குழந்தைகள் காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: கை, துணி, சோறு, தண்ணீர்

அங்கன்வாடியானாலும் சரி, நகரத்துத் தனியார் கிரெச்சானாலும் சரி, புதிதாகச் சேருபவர் கையில் முதல் நாள் கொடுப்பது பெரும்பாலும் துடைப்பமும் ஃபினாயில் பாட்டிலும்தான். தரை பளபளவென்று இருந்து, வாசனையும் வந்துவிட்டால் இடம் சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். சின்னக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் வயிற்றுப்போக்கும் வாந்தியும் மஞ்சள் காமாலையும் தரை வழியாக வருவதைவிடக் கை வழியாக வருவதுதான் மிக அதிகம். ஒரு குழந்தையின் மலம் பெரியவர் கைக்கு வருகிறது, அந்தக் கை சோறு பிசைகிறது, சோறு இன்னொரு குழந்தையின் வாய்க்குப் போகிறது. கீழே சொல்லும் எல்லா வேலையும் இந்த வழியை எங்கெங்கே அடைக்கலாம் என்பதற்காகத்தான்.

"குழந்தை மலம்தானே, அதில் என்ன இருக்கிறது" என்று சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள். ஹெபடைடிஸ் ஏ வகை மஞ்சள் காமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தக் கிருமி தொற்றினாலும் கண் மஞ்சளாவதில்லை. சிரித்து விளையாடிக்கொண்டே மலத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். படுக்கையில் விழுவது டயப்பர் மாற்றிய ஆயாவும் வீட்டிலிருக்கும் அம்மாவும். ஆகவே பார்வைக்கு நன்றாயிருக்கும் குழந்தையிடமும் ஒரே மாதிரி கவனம் வேண்டும்.

யார் எந்த வேலை

ஒன்றுக்கு மேற்பட்ட ஆள் இருக்கும் இடத்தில் முதல் விதி இது: அன்றைக்கு டயப்பர் மாற்றி, கால் கழுவி விடுபவர் அன்றைக்குச் சமையலறைக்குள் போகக் கூடாது. வார நாட்களைப் பிரித்து எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒரே ஆள்தான் என்றால் வேலையை நேரத்தால் பிரிக்க வேண்டும். சோறு பரிமாறத் தொடங்குமுன் எல்லாக் குழந்தைக்கும் டயப்பர் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றி, மேலே போட்டிருந்த ஏப்ரனைக் கழற்றி, முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் சோற்றுப் பானையைத் திறக்க வேண்டும். நடுவில் ஒரு குழந்தை மலம் போய்விட்டால் பரிமாறுவதை நிறுத்தி மூடி வைத்துவிட்டு, மாற்றி, மறுபடி கழுவிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் ஆகாது.

கை கழுவுவது

வேலைக்கு வந்ததும் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றி வையுங்கள். மோதிரத்துக்கு அடியில் சோப்பு போகாது. கண்ணாடி வளையல் சோற்றில் தோயும், உடைந்தால் குழந்தையைக் கிழிக்கும். நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது.

ஓடும் நீரில் நனைத்து, சோப்புப் போட்டு, 20 வினாடியாவது தேய்க்க வேண்டும். பெரும்பாலோர் உள்ளங்கையை மட்டும் தேய்த்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். விட்டுப்போகும் இடங்கள் கட்டைவிரல், விரல் நுனி, விரலிடுக்கு. சோறு பிசைவதும் மூக்கைத் துடைப்பதும் அந்த விரல் நுனிதான். விரல்களைக் குவித்து மறு உள்ளங்கையில் வட்டமாகத் தேயுங்கள். கட்டைவிரலை மறு கையால் பிடித்துத் திருகுங்கள். பிறகு குழாயடியில் காட்டி நுரை போகும்வரை கழுவித் துடைக்க வேண்டும். ஈரக் கையில் கிருமி எளிதாக ஒட்டும் என்பதால் துடைப்பதும் கழுவுவதில் சேர்ந்ததுதான்.

சிங்க் பக்கத்தில் ஆணியில் தொங்கும் அந்த ஒரே துண்டை இன்றே எடுத்துவிடுங்கள். மெட்ராஸ் ஐ ஒரு வாரத்தில் காப்பகம் முழுக்கப் பரவ அது ஒன்றே போதும். குழந்தைக்கு ஒன்றாகச் சின்னத் துண்டு, பெயர் எழுதிய கொக்கி, ஒன்றோடொன்று உரசாத இடைவெளி, தினமும் துவைத்தல். பணியாளருக்கும் தனித் துண்டு. சோப்புக் கட்டி வைத்தால் தண்ணீர் தேங்காத, ஓட்டை உள்ள டப்பாவில் வையுங்கள். குழாய் இல்லாத இடத்தில் அடியில் குழாய் பொருத்திய மூடி போட்ட வாளியைக் குழந்தை எட்டும் உயரத்தில் வைக்கலாம். ஒரே குண்டானில் தண்ணீர் வைத்து வரிசையாகப் பிள்ளைகள் கையை முக்கி எடுப்பது கழுவுவது ஆகாது. முதல் கையின் அழுக்கைப் பத்தாவது கைக்குக் கொடுப்பது அது.

சானிடைசர் அழுக்கு இல்லாத கைக்கு, அவசரத்துக்கு மட்டும். வயிற்றுப்போக்கு, வாந்தியைக் கொண்டுவரும் சில வைரஸ்களும், கை கால் வாய் நோயின் வைரஸும் அதற்கு நன்றாக அடங்குவதில்லை. மலம் தொட்ட பிறகு சோப்பும் தண்ணீரும்தான்.

எப்போதெல்லாம் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: உடம்பிலிருந்து வந்த எதையும் தொட்ட பின்பு, வாய்க்குப் போகும் எதையும் தொடுவதற்கு முன்பு. குப்பைத் தொட்டி, வெளியே போய் வருதல், முட்டை ஓடு, செல்போன் எல்லாம் தொட்டதில் சேர்த்தி.

டயப்பர் மாற்றும் வரிசை

வரிசை மாறினால்தான் தவறு நடக்கிறது. பாதி வேலையில் "ஐயோ, துணி எடுக்கவில்லையே" என்று அழுக்குக் கையோடு அலமாரியைத் திறப்பதுதான் எல்லா இடத்திலும் நடப்பது. அலமாரிக் கைப்பிடி, டப்பா மூடி, கிரீம் குப்பி எல்லாவற்றிலும் அப்போது மலம் ஏறிவிடுகிறது.

1. புது டயப்பர், நனைத்த துணி அல்லது பஞ்சு, மாற்று உடை, கவர், காகிதத் துண்டில் தேவையான அளவு கிரீம், எல்லாம் கை எட்டும் தூரத்தில் முதலிலேயே. கிரீம் டப்பாவை மூடி அப்பால் வைத்துவிடுங்கள்.
2. கை கழுவி, கையுறை இருந்தால் போட்டு, ரெக்சின் விரிப்பின் மேல் ஒரு காகிதத்தை விரித்துக் குழந்தையைப் படுக்க வையுங்கள். ஒரு கை எப்போதும் குழந்தை மேல். மேஜை மேல் மாற்றுவதைவிடத் தரையில் மாற்றுவது நல்லது. புரண்டு விழ வழியில்லை.
3. முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத் துடையுங்கள், பெண் குழந்தைக்குக் கட்டாயம். ஒரு துணியை ஒரு முறைதான் இழுக்க வேண்டும், மடித்து அடுத்த பக்கம்.
4. அழுக்கு டயப்பர், துணி, காகிதம் எல்லாவற்றையும் உள்பக்கமாகச் சுருட்டிக் கவரில் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றுங்கள். இதன் பிறகுதான் புது டயப்பரைத் தொட வேண்டும்.
5. புதியதைப் போட்டு, உடுத்திவிட்டு, குழந்தையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாற்றும்போது குழந்தை தன் கையை எங்கே வைத்தது என்று யாரும் பார்ப்பதில்லை.
6. குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு, விரிப்பைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிளீச் கரைசல் தெளித்துக் காயவிடுங்கள். கடைசியாக உங்கள் கை.

கையுறை போட்டிருக்கிறோம் என்று கழுவாமல் விடக் கூடாது. கழற்றும்போதே விரலில் பட்டுவிடும். அதே கையுறையோடு அடுத்த குழந்தைக்குப் போவது வெறுங்கையைவிட மோசம். வெறுங்கை பிசுபிசுத்தால் நமக்குத் தெரியும், கையுறைக்குள் தெரியாது.

துணி லங்கோடு கட்டும் இடங்களில் மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, துணியை மூடி போட்ட வாளியில் தனியாகப் போடுங்கள். கை கழுவும் சிங்க்கில் அலசக் கூடாது, சமையலறைக் குழாயின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கொல்லைப் பக்கம் மண்ணில் மலத்தை வீசினால் மழையில் அது தண்ணீரோடு திரும்பி வரும், ஈ அதற்கு முன்பே வரும். போட்டு எறியும் டயப்பரைச் சுற்றிக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கும் குப்பை அது என்பதை நினைத்துக் கட்டுங்கள்.

பிளீச் கரைசல்: அளவு தெரியாமல் தொடாதீர்கள்

கடையில் கிடைக்கும் ஹைப்போ திரவம் (சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவ பிளீச்) பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம். லேபிளைப் படித்து வாங்குங்கள். 5 சதவீதத் திரவத்துக்கு அளவு இப்படி:

பொம்மை முக்க: 1 லிட்டர் தண்ணீரில் 4 மி.லி.
மேஜை, கதவுக் கைப்பிடி, டயப்பர் விரிப்பு: 10 மி.லி.
வயிற்றுப்போக்கு இருக்கும் நாளில் கழிவறையும் தரையும்: 20 மி.லி.
வாந்தி, மலம், ரத்தம் சிந்திய இடம்: 100 மி.லி. திரவத்தோடு 900 மி.லி. தண்ணீர்.

பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது என்றால், 33 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடரில் லிட்டருக்கு 3 கிராம் போட்டால் மூன்றாவது அளவு கிடைக்கும், 15 கிராம் போட்டால் நான்காவது. ஒரு முறை தராசில் நிறுத்து, எந்தக் கரண்டிக்கு எத்தனை கிராம் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கலக்கி அரைமணி தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு தரையில் வெள்ளை வெள்ளையாகப் படியும்.

முதலில் சோப்புப் போட்டு அழுக்கை எடுங்கள், பிறகுதான் பிளீச். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது. ஊற்றிய உடனே துடைத்தாலும் பயனில்லை, 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். கரைசலை அன்றன்று கலந்து அன்றே முடித்துவிடுங்கள். வெயிலும் வெளிச்சமும் அதன் வீரியத்தைக் குறைக்கும். கட்டிதட்டி, வாசனை போன பழைய பவுடரில் எந்த அளவும் பொருந்தாது.

கழிவறை கழுவும் ஆசிட் திரவத்தோடு பிளீச்சைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சின்னக் கழிவறையில் கண்ணும் மூச்சும் எரிந்து மயங்கும் அளவுக்குப் போகும். காலையில் ஆசிட், மாலையில் பிளீச் என்றாலும் நடுவில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும்.

இன்னொன்று. ஃபினாயிலையோ பிளீச்சையோ பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் ஊரில் ஆழமாக வேரோடியிருக்கிறது. தண்ணீரில் கலந்த ஃபினாயில் வெள்ளையாகப் பால் போல இருக்கும், குழந்தை குடித்துவிடும். வாங்கிய பாட்டிலிலேயே, பூட்டிய அலமாரியில், குழந்தை எட்டாத உயரத்தில் வையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வாந்தி எடுத்துவிட்டால்

மற்ற குழந்தைகளை உடனே அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறங்கள். துடைப்பத்தால் தள்ளுவதும், பக்கெட் தண்ணீரை வீசி அடிப்பதும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத திவலையாகச் சுவரிலும் பொம்மையிலும் தெறிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, மேலே பழைய துணியோ செய்தித்தாளோ போட்டு உறிஞ்சவிட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்காக வாரி எடுத்துக் கவரில் கட்டுங்கள். பிறகு சோப்பு, பிறகு வலுவான கரைசல், 10 நிமிடம், பிறகு தனி மாப். அந்தக் குழந்தையின் உடையை அலசாமல் கவரில் கட்டி வீட்டுக்குக் கொடுத்துவிடலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.

மாப் குறைந்தது இரண்டு. கழிவறைக்கு ஒன்று, மற்ற இடத்துக்கு ஒன்று, கைப்பிடியில் வேறு வேறு நிறத் துணி கட்டிவிட்டால் குழப்பம் வராது. துடைக்கும் வரிசை சமையலறையில் தொடங்கிக் கழிவறையில் முடியும். ஈர மாப்பை இரவெல்லாம் வாளியிலேயே ஊறவிட்டால் மறுநாள் நாம் தரைக்குப் பூசுவது கிருமியைத்தான். பிழிந்து வெயிலில் போடுங்கள்.

பொம்மை, பாய், சீப்பு, முந்தானை

வாயில் வைத்த பொம்மையைத் திரும்பக் கூடைக்குள் போடக் கூடாது. "வாயில் வைத்தது" என்று எழுதிய ஒரு வாளி அறை மூலையில், மூடியோடு, இருக்கட்டும். குழந்தை கீழே போட்டதும் எடுத்து அதில் போட்டுவிட வேண்டும். மாலையில் மொத்தமாகச் சோப்பில் தேய்த்து, அலசி, 4 மி.லி. கரைசலில் சில நிமிடம் முக்கி, மறுபடி அலசி வெயிலில் காயவைக்கலாம். மரச்சொப்புச் சாமான்களை ஊறவைத்தால் வெடிக்கும். ஈரத் துணியால் துடைத்து உடனே காயவையுங்கள். பஞ்சு பொம்மை இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அறையில் இல்லாமலிருப்பதே மேல்.

பாய்க்குப் பெயர். தலையணை உறைக்குப் பெயர். படுக்க வைக்கும்போது ஒருவர் தலை இந்தப் பக்கம், அடுத்தவர் தலை அந்தப் பக்கம், நடுவில் மூன்றடி. ஒருவர் இருமல் இன்னொருவர் முகத்தில் படாமலிருக்க இதைவிடச் செலவில்லாத வழி இல்லை.

மாலை நாலு மணியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அம்மாக்கள் வரும் நேரம் என்று பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து முகம் கழுவி, ஒரே பஃப்பில் எல்லோருக்கும் பவுடர், ஒரே சீப்பில் எல்லோருக்கும் தலை, ஒரே விரலால் அடுத்தடுத்த கண்ணுக்கு மை. அன்பாகச் செய்வதுதான். ஆனால் பேனும் சொறியும் கண்நோயும் இந்தப் பத்து நிமிடத்தில்தான் வீடு வீடாகப் பிரிந்து போகின்றன. சீப்பும் பஃப்பும் அவரவர் பையிலிருந்து வரட்டும். மை வேண்டவே வேண்டாம், வீட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

மூக்கு ஒழுகினால் முந்தானையால் துடைத்துவிடுவதும் இப்படித்தான். ஒரே முந்தானை காலையிலிருந்து எத்தனை மூக்கைத் தொட்டது என்று எண்ணிப் பாருங்கள். பழைய பருத்திச் சேலையை ஒரு சாண் சதுரமாக வெட்டி, துவைத்து, ஒரு டப்பா நிறைய அடுக்கி வையுங்கள். ஒரு மூக்குக்கு ஒரு துண்டு, துடைத்ததும் துவைக்கும் வாளிக்குள்.

சோறும் பாலும்

சத்துமாவை வெந்நீர் விட்டுப் பிசைந்து உருண்டை பிடிக்கும் கை, காப்பகத்திலேயே மிகச் சுத்தமாயிருக்க வேண்டிய கை. விரலில் வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ உள்ளவர் அன்றைக்குப் பிசையக் கூடாது; தண்ணீர் புகாத பிளாஸ்டர் போட்டு, மேலே கையுறை போட்டால் பாத்திர வேலை செய்யலாம். புண்ணிலிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் உணவில் நஞ்சை உண்டாக்கும், சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. தனக்கே வயிற்றுப்போக்கு இருப்பவர், நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அடுப்பங்கரைக்கு வரக் கூடாது.

சோற்றில் வேறொரு கிருமி இருக்கிறது, பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்துகள் அரிசி வெந்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி நஞ்சை விடும், அதுவும் திரும்பச் சூடாக்கினால் அழியாது. காலை 7 மணிக்கு வீட்டில் கட்டிய தக்காளி சாதம் 12:30 வரை டப்பாவில் இருப்பது ஐந்தரை மணி நேரம். சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைத்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் போகும் நம் வெயிலில் ஒரு மணி நேரம். வந்ததும் டப்பாக்களைப் பெயர் பார்த்து ஃபிரிட்ஜில் வைத்து, கொடுக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் அங்கேயே சமைத்துக் கொடுப்பதற்கு ஈடில்லை. மீந்ததை மாலைக்கு வைக்காதீர்கள்.

ஒரே தட்டில் பருப்புச் சோறு பிசைந்து, சுற்றி உட்கார்ந்த நாலு பிள்ளைகளுக்கு ஒரே கையால் ஊட்டினால் வேலை சீக்கிரம் முடியும். நாலு வாயின் எச்சிலும் ஒன்றாகும். தட்டும் ஸ்பூனும் தனித்தனி. சூடு ஆற வாயால் ஊதாதீர்கள், நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு சொட்டை மணிக்கட்டின் உள்பக்கம் விட்டால் தெரிந்துவிடும்.

பால்பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலந்து, பிறகு குழாய் நீரில் புட்டியைக் காட்டி ஆற்றிக் கொடுங்கள். குழந்தை மிச்சம் வைத்த பாலைக் கீழே ஊற்றிவிட வேண்டும். தாய்ப்பால் வந்தால் பெயர், தேதி, நேரம் எழுதி உடனே ஃபிரிட்ஜின் உள்தட்டில். கதவில் வைத்தால் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் சூடேறும்.

தண்ணீரும் கொசுவும்

குடிநீர்ப் பானைக்குள் டம்ளரோடு கை போகக் கூடாது. குழாய் வைத்த பாத்திரம், இல்லாவிட்டால் நீண்ட பிடியுள்ள கரண்டி. தொட்டித் தண்ணீரில் குளோரின் போடும்போது 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், கலந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் புழங்க வேண்டும். குழாய் நுனியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

டெங்குக் கொசு பகலில் கடிக்கும், சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் தொட்டி, வாளி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து, உள்சுவரை நாரால் தேய்க்க வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்து காத்திருக்கும்.

வாசலில் ஒரு நிமிடம்

காலையில் குழந்தையை வாங்கும்போதே நெற்றியைத் தொட்டு, கண், உள்ளங்கை, விரலிடுக்கு, வாயோரம் பாருங்கள். அம்மாவிடம் கேளுங்கள்: "ராத்திரி காய்ச்சல் இருந்துச்சாம்மா? காலையில மருந்து ஏதும் கொடுத்தீங்களா? எத்தனை தடவை வெளிக்குப் போனான்?" பாரசிட்டமால் கொடுத்து அனுப்பிய காய்ச்சல் பத்து, பதினோரு மணிக்குத்தான் வெளியே தெரியும். குற்றம் சொல்லும் குரலில் கேட்டால் மறுநாளிலிருந்து மறைத்துவிடுவார்கள். விடுப்புக் கிடைக்காமல்தான் அனுப்புகிறார்கள் என்பதை மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால், மருந்தில்லாமல் 24 மணி நேரம் தணிந்த பின்பு வரட்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி நின்று 48 மணி நேரம். சின்னம்மைக்கு எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை. தட்டம்மைக்குத் தடிப்பு வந்து நாலு நாள். பேனுக்காக வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை. கர்ப்பமாயிருக்கும் பணியாளர் சின்னம்மை வந்த அறைக்குள் போகாமல் உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு தொடங்கிய குழந்தையை அழைத்துப்போக ஆள் வரும்வரை ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு, சிறியது 200 மி.லி.க்கு, மேலே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஒரு நோட்டில் தேதி, பெயர், என்ன தொந்தரவு, எந்த அறை, எப்போது வீட்டுக்குப் போனது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்குள் ஒரே அறையில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று நோட்டில் தெரிந்தால், மூன்றாவது குழந்தைக்குக் காத்திருக்காமல் கிராம சுகாதார செவிலியருக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சொல்லிவிடுங்கள். யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழையுங்கள். அன்றே வாயில் வைத்த பொம்மைகளை எல்லாம் எடுத்துக் கழுவப் போட்டு, கழிவறைக்கு 20 மி.லி. கரைசலுக்கு மாறி, சோறு பிசைபவர் யார் என்று அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள்.